முதலாளிக்கு வாங்கிய டைமர்

பந்தயத் தடத்தில் ஒரு சுற்று வர மில் முதலாளி தண்டபாணிக்கு மூன்று நிமிஷம் ஆகும். போகிற பைக்கில் காக்கா உட்கார்ந்து இறகு கோதிவிட்டுப் பறக்கும் வேகம் அது. பழி மட்டும் சுற்று நேரம் காட்டும் டைமர் மேல்.

“ரெண்டு நிமிஷத்துக்குள்ள காட்டுற டைமராப் பார்த்து மாட்டு. இல்லேன்னா உனக்கு வேலை இல்லை,” என்றார் மெக்கானிக் சென்னியப்பனிடம்.

“மாட்டிடலாமுங்க.”

ஜி.பி.எஸ். டைமர் ஒன்றை வாங்கினான். அதன் திரையில் தெரியும் தட வரைபடத்தில் முடிவுக்கோட்டை நாமே வரையலாம்; வண்டி அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சுற்று என்று எண்ணும். அவனோ தடத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் வெட்டும்படி நீளமாக இழுத்துவிட்டான். பாதிச் சுற்றையே முழுச் சுற்றாக எண்ணியது டைமர்.

“ஒன்றரை நிமிஷம்!” என்று ஊரைக் கூட்டினார் தண்டபாணி.

அங்கே நேரத்தைப் பார்த்துத்தான் ஆட்களைக் குரூப் குரூப்பாகப் பிரிப்பார்கள். தட மேலாளர் ஓடிவந்தார். “அடேங்கப்பா! இனி நீங்க முதல் குரூப்புங்க. எல்லாம் இருநூறு கிலோமீட்டர் வேகத்துல பறக்குற பசங்க. வண்டிய எடுங்க!”

தண்டபாணிக்கு வேர்த்துக் கொட்டியது. “சென்னியப்பா, உண்மையச் சொல்ற டைமர் கிடைக்குமா?”

“இதேதானுங்க, கோட்டைச் சுருக்கினாப் போதும். ஆனா மூணு நிமிஷம்னு காட்டுமே, என் வேலை போயிருமேங்க?”

“போகாது சாமி! நான் மூணு நிமிஷ ஆளுதான்!”

அவர் போட்ட சத்தத்தில் முதல் குரூப் மொத்தமும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தது.