வலிக்கு முத்திரை வைத்த ராஜா

ராஜாக்களுக்கும் தோள் வலித்த ஒரு காலம் இருந்தது. நல்ல காலம் ஐயா அது! அப்போது ஒரு நாட்டில் குணதீரன் என்ற ராஜா உலாப் போகும்போது பல்லக்கு நடுவழியில் நின்றது. தூக்கி வந்தவர்களில் ஒருவனான வீரணன், தோள்வலி தாங்காமல் உட்கார்ந்துவிட்டான்.

“நடிக்கிறான், பிரபு” என்றார் அரண்மனை வைத்தியர் நாகலிங்கம். அவனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, மகானுபாவர்!

சபை கூடியதும் ராஜா ஆணையிட்டார்: “நெல்லை அளப்பதுபோல் இவன் வலியை அளந்து சொல்லுங்கள். ஒரு மரக்கால் தேறினால் ஓய்வு. குறைந்தால் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.”

வைத்தியருக்கு விகடகவி குப்பாண்டியைக் கண்டாலே ஆகாது. “அளக்கும் வேலை குப்பாண்டிக்கே தகும்” என்று மாட்டிவிட்டார்.

குப்பாண்டி கைகூப்பினான். “பிரபு, முத்திரை இல்லாத மரக்காலால் அளந்தால் சவுக்கடி என்பது தங்கள் சட்டம். நெல்லைத் தாங்களே முதலில் அளந்து பார்த்துத்தான் மரக்காலுக்கு முத்திரை வைக்கிறீர்கள். வலிக்கும் முதல் அளவு தங்களுடையதாக இருக்க வேண்டாமா? சாட்சிக்கு வைத்தியரும் தோள் கொடுக்கட்டும்.”

சட்டம் தன்னுடையதாயிற்றே! ராஜா அரியணையிலிருந்து இறங்கி வந்தார். பல்லக்கின் முன்தண்டுக்கு ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் வைத்தியர். பின்னால் இரண்டு காவலர். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்கள்.

“எவ்வளவு, பிரபு?”

வியர்வையைத் துடைத்தபடி ராஜா சொன்னார்: “ஓர் ஆழாக்கு இருக்கும், ஒரு கைப்பிடி அளவுதான்.”

“ஐயோ, மூன்று மரக்கால்!” என்று அலறினார் வைத்தியர்.

“ஒரே தண்டு, ஒரே சுற்று. அளவு மட்டும் வேறு” என்றான் குப்பாண்டி. “தோளுக்குத் தோள் மரக்கால் மாறுகிறது, பிரபு. வீரணனின் மரக்கால் வீரணனிடம்தான் இருக்கிறது. அவனையே கேளுங்கள்.”

வீரணன் வலக்கையை நீட்டினான். விரலெல்லாம் கொப்புளம்.

“சோறு வடிக்கையில சுட்டுருச்சு சாமி. சுட்டதே தெரியல. தோள்லேருந்து விரல் வரைக்கும் மரத்துக் கெடக்கு.”

“முன்பே ஏனப்பா சொல்லவில்லை?” என்றார் ராஜா.

“அளக்கணும்னுதான் சொன்னாங்க சாமி. எங்க வலிக்குதுன்னு யாரும் கேக்கலையே.”

சபை வெட்கித் தலைகுனிந்தது. ராஜா தோளைத் தேய்த்துக்கொண்டே, “நானும் பொய் சொன்னேன் குப்பாண்டி, எனக்கும் மூன்று மரக்கால்தான்!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டியின் கழுத்தில் போட்டார். வீரணனுக்குக் குணமாகும்வரை ஓய்வு, வீட்டுக்கு அரண்மனை நெல்.

வைத்தியர் தரையில் உட்கார்ந்து, வீரணனின் கையை மடியில் வைத்துக்கொண்டு, “எங்கப்பா வலிக்குது?” என்று கேட்டார். அதுவரை அழாத வீரணன் அப்போதுதான் அழுதான்.