முதல் பரிசு வாங்கின தொட்டி

நானா ஏமாத்தினேன்? துரைக்கண்ணு சார், இந்த ஃப்ளாட்டுக்கு நீங்க செயலாளர்ங்கறதுக்காக என்ன வேணா பேசலாமா? போன வாரம் எங்க பால்கனிக்கு வந்து சொன்னது யாரு? "இங்க அழகுச் செடி மட்டும்தான் இருக்கணும். திங்கற செடி பார்க்கவே அசிங்கம். ஞாயித்துக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் புடுங்கிடு." எங்கம்மாவோட தக்காளி இப்பத்தான் காய் புடிச்சிருக்கு, சார்!

சரின்னு இன்னைக்கு உங்க அழகுச் செடிப் போட்டிக்கு ஒரே ஒரு தொட்டி கொண்டுவந்தேன். பேரு கூடச் சொல்லலை. நீங்கதான் கண்ணாடியை ஏத்திவிட்டுப் பாத்துட்டு, "அடடா, ஃபாரின் ஃபெர்ன் செடி! பெங்களூர்லதான் கெடைக்கும்"னு மைக்ல சொல்லி முதல் பரிசு குடுத்தீங்க. நான் என்ன பண்ணேன்? அந்த இலையைக் கொத்தாப் புடிச்சு மேல இழுத்தேன். மண்ணோட நாலு கேரட் வந்துச்சு. அதுக்கு நானா பொறுப்பு?

சிரிக்கறவங்க கொஞ்சம் நிறுத்துங்க, சார் பேசட்டும். மைக் இன்னும் உங்க கையிலதானே இருக்கு, சார்? திங்கற செடி அசிங்கமா, இல்லையா? எங்கம்மா தக்காளியைப் புடுங்கணுமா, வேணாமா? எல்லார் முன்னாடியும் இப்பவே சொல்லுங்க!