பெரும்பாலும் வறண்ட வானிலை

மாசிலாமணி வேலையில் இருந்த காலமெல்லாம் வானொலியில் வானிலை அறிக்கை வாசித்தவர். யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்தவர் இல்லை. காற்றையும் ஈரப்பதத்தையும் கணக்குப் பார்த்து, தானே எழுதித் தானே வாசித்தவர். ஓய்வு பெற்ற பிறகு ராமநாதபுரம் சீமையில் ஒரு கண்மாய்க்கரையில் குடிசை போட்டிருந்த கோட்டைச்சாமியிடம் சீடராக வந்து சேர்ந்தார். இந்தக் கதையில் குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். அதனால் குரு அவரிடம் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். ஊர்க்காரர்களுக்கு அவர் 'ரேடியோ ஐயா'.

அது புரட்டாசி. பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று பேர் வாங்கிய மாதம். இதுவரை காய்ந்தது மட்டும்தான் நடந்திருந்தது. கண்மாய்க்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஒரு காலையில் சீடர் மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டார்.

"சாமி, ஆயுசுல பாதியை வானத்தைப் பார்த்தே கழிச்சவன் நான். ஒரு நாள்கூடக் கையெடுத்துக் கும்பிடணும்னு தோணினதில்லை. நீங்க சும்மா நிமிர்ந்து பார்த்தாலே உங்களுக்குக் கண்ணு கலங்குது. எனக்கு ஏன் அப்படி ஆகலை?"

குரு பல் துலக்கிக்கொண்டிருந்தார். வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"இந்த வாரம் வானிலை எப்படி?"

கேட்டதுதான் தாமதம், சீடருக்குப் பழைய குரல் வந்துவிட்டது. "தென் மாவட்டங்களில் அடுத்த ஒரு வாரத்துக்கு வறண்ட வானிலையே நிலவும்."

"நல்லது. சேதுராக்கு வருவா. அவகிட்டயும் சொல்லுங்க."

சேதுராக்கு வந்தாள். ஊருக்கு மேற்கே கொஞ்சம் கரிசல் நிலம் வைத்துத் தனியாளாகப் பாடுபடுகிறவள். இடுப்பில் ஒரு கடகப்பெட்டி நிறைய விதைநெல் இருந்தது. போன வருஷ வெள்ளாமை பாதிக்குமேல் மணி பிடிக்காத சாவி. மிஞ்சியதில் இதை மட்டும் தனியே எடுத்து வைத்து, அடுப்பு எரியாத நாளிலும் தொடாமல் காத்து வந்திருந்தாள்.

"ரேடியோ ஐயா, இந்த வாரம் மழை உண்டா?"

மாசிலாமணிக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார்.

"இல்லம்மா. மனசைத் தேத்திக்க."

"அப்பாடா!" என்றாள் சேதுராக்கு. முகமெல்லாம் சிரிப்பு.

அவர் விழித்தார். மழை இல்லை என்ற சேதிக்குச் சிரித்த ஆளை அவர் கண்டதில்லை.

"புழுதியில விதைக்கப் போறேன் ஐயா. மழை இறங்கிட்டா கரிசல்ல காலு வைக்க முடியாது. அதனால காஞ்ச மண்ணுலயே விதைச்சு மூடிருவோம். அது பாட்டுக்குக் கிடக்கும். முழு மழை வந்தா முளைக்கும்."

"நடுவுல மழை வந்தா நல்லதுதானே?"

"எங்கிட்டு நல்லது? அரைகுறையா ஒரு தூத்தல் போட்டுச்சுன்னா நெல்லு ஏமாந்து முளைச்சிரும். மறுநாள் வெயில்ல கருகிரும். மறுபடி விதைக்க என்கிட்ட ஒரு மணி கிடையாது. தூத்தல்கூட இருக்காதுல்ல?"

"இருக்காதும்மா," என்றவர், பழக்க தோஷத்தில் ஒரு வார்த்தையைச் சேர்த்தார். "பெரும்பாலும்."

"பெரும்பாலும்னா?"

"அது... ரேடியோவுல வழக்கமாச் சொல்றதும்மா."

சேதுராக்கு சாமியைப் பார்த்தாள். சாமி எழுந்து வந்து, கடகப்பெட்டியை வாங்கிச் சீடர் கையில் கொடுத்தார்.

"நீங்களே போய் விதைங்க. முழு மழை வர்ற வரைக்கும் அவ நிலத்துல இருக்கிற காவல் குடிசையிலயே இருங்க."

"நான் எதுக்கு சாமி? சொல்றதுதானே என் வேலை?"

"சொன்ன வாயோட கையும் போகட்டும்."

போனது. சேதுராக்கு சொல்லிக் கொடுத்தபடி மாசிலாமணி கை வீசி விதைத்தார். நெல் புழுதிக்குள் விழுந்து காணாமல் போனது. பின்னாலேயே உழுது மூடினார்கள். பெட்டி காலியானதும் அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு வீட்டின் வருஷச் சோறு அந்த மண்ணுக்குள் கிடக்கிறது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

முதல் சில நாள் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. அறிக்கை சொன்னபடியே வெயில் அடிப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. சேதுராக்கு கொண்டுவந்த கம்மங்கூழைக் குடித்துவிட்டு வரப்பில் உலாத்தினார்.

வாரத்தின் நடுவில் ஒரு சாயங்காலம், கிழக்கே மேகம் ஏறியது.

அவர் காற்றைப் பார்த்தார். மனதுக்குள் கணக்குப் போட்டார். பெய்ய வாய்ப்பில்லை என்று வந்தது. ஆனால் அந்தக் கணக்கை மேகத்துக்கு யார் சொல்வது? அது பாட்டுக்கு ஏறி வந்தது. வெயில் மங்கியது. மின்னல் வெட்டியது. எங்கிருந்தோ மண்வாசம் வந்தது. ஆயுள் முழுக்க அவருக்குப் பிடித்த வாசம் அது. அன்றைக்கு மட்டும் அது வரக் கூடாத வாசம்.

சேதுராக்கு ஓடிவந்து வரப்பில் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

ஒரு துளி அவர் மணிக்கட்டில் விழுந்தது. இன்னொன்று காலடியில் விழுந்து புழுதியில் ஒரு சின்னக் குழி போட்டது.

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு பெரிது! இத்தனை வருஷம் இதைத்தானா ஒரு தாளில் எழுதி வாசித்தோம்? கறுத்து, உருண்டு, யாரையும் கேட்காமல், தலைக்கு மேலே அது போய்க்கொண்டே இருந்தது. வந்தது பயமா, பரவசமா என்று அவருக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணில் நீர் வழிந்தது.

மேகம் தெற்கே திரும்பியது. கடல் பக்கம் போய்க் கரைந்தது.

"ஐயா," என்றாள் சேதுராக்கு. "கையை இறக்குங்க. மேகம் போயி ரொம்ப நேரமாச்சு."

அப்போதுதான் பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே கூப்பியிருந்தன.

குனிந்து, துளி விழுந்த குழியை விரலால் கிளறினார். ஒரு நெல் இருந்தது. ஈரம் தொடாமல், சூடாக இருந்தது. திரும்ப அதைப் புழுதிக்குள் வைத்து மூடினார்.

வாரம் கழிந்தது. பிறகு ஒரு விடியலில் பிடித்த மழை, மறுநாளும் விடாமல் மண்ணுருகப் பெய்தது. சேதுராக்கு நனைந்துகொண்டே வரப்பில் நின்று அழுதாள், சிரித்தாள். மாசிலாமணி முழங்கால் சேற்றோடு கண்மாய்க்கரைக்கு வந்தார்.

குரு ஒழுகுகிற இடங்களில் சட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, என் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. அன்னிக்குப் பெய்யாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிருந்தும் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன்?"

"சேதுராக்குகிட்ட என்ன சொன்னீங்க?"

"மழை இருக்காதுன்னு."

"அதோட நிறுத்தினீங்களா?"

மாசிலாமணி யோசித்தார். கூரையிலிருந்து சட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"பெரும்பாலும்னு சொன்னேன்."

"இத்தனை வருஷமா தினமும் ரேடியோவுல, நீங்க கும்பிட்டவரு பேரைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தீங்க," என்றார் குரு.