சாவு வீட்டுத் தண்ணீர்

"நீங்க குடுக்குற மீனெல்லாம் செத்துப்போவுது, டீச்சர்."

ஏகாம்பரம் கடை வாசலிலேயே நின்று சொன்னார். கையில் தண்ணீர் பிடித்த பிளாஸ்டிக் பை. அதற்குள் ஓர் ஆரஞ்சு மீன் மல்லாந்து கிடந்தது.

எஸ்தர் ராணி எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் அல்ல. கொளத்தூரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருப்பவள். மீன் கேட்டு வருகிறவரை நாலு கேள்வி கேட்பாள். பதில் சரியில்லை என்றால் மீன் தரமாட்டாள். வியாபாரத்துக்கு ஆகாத குணம்தான். அதனால்தான் டீச்சர் என்று பெயர் விழுந்தது. குரு என்றால் காவி கட்டித்தான் இருக்க வேண்டுமா என்ன? இவள் தோளில் ஈரத் துண்டு கிடந்தது.

"தண்ணி மாத்துறீங்களாண்ணா?"

"தினமும். மொத்தமா."

"தொட்டிய?"

"பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறேன். கல்லைக் கொதிக்க வெச்சு எடுக்கிறேன். வந்து பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கு."

"குணாக்கா அப்படியா செஞ்சாங்க?"

ஏகாம்பரம் பையில் மல்லாந்து கிடந்த மீனைப் பார்த்தார்.

குணவதி அவருடைய மனைவி. போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. கூடத்தில் இருந்த மீன் தொட்டி அவளுடையது. அவள் இருந்தவரை அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது அதைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. மனுஷ புத்தி அப்படித்தான்.

"ஆரஞ்சு ரெண்டும் மறுபடி குடுங்க. அவ வெச்சிருந்த மாதிரியே இருக்கணும். ரெண்டு ஆரஞ்சு, ஒரு கறுப்பு."

"தரமாட்டேன்."

"ஏன்?"

"சாகடிக்கவா?"

ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது. அவரிடம் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

"கறுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் டீச்சர்.

"முண்டக்கண்ணனா? மூலையிலயே நிக்குது. அவ வெச்சிருந்ததுல அது ஒண்ணுதான் மிச்சம். அவ விரல்லேருந்து வாங்கித் தின்னது அது. அதுவும் போயிடுச்சுன்னா, அவளைத் தெரிஞ்ச உசுரு அந்த வீட்டுல வேற இல்ல. நான் மட்டும்தான்."

டீச்சர் எழுந்தாள். வாசலோரம் இருந்த பழைய தொட்டிக்குள் கையை விட்டாள். காற்றுக் குழாய் செருகிய பஞ்சு ஒன்றை வெளியே எடுத்தாள். ஃபில்டர் பஞ்சு. பழுப்பு ஏறி, வழவழத்து, சொட்டிக்கொண்டிருந்தது. கத்தியை எடுத்து அதைச் சரிபாதியாக அறுத்தாள். ஒரு பாதியைத் தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டுக் கட்டினாள். மறு பாதியைத் தொட்டிக்குள்ளேயே திருப்பி விட்டாள்.

"இதைத் தொட்டியில போடுங்க. கழுவாதீங்க. தண்ணியை மொத்தமா மாத்தாதீங்க."

"நாறுதே டீச்சர்."

"நாறட்டும்."

*

மறுபடியும் வந்தார்.

"ஒண்ணும் சரியாவல. சாஞ்சு சாஞ்சு நீந்துது. இரை எடுக்கல."

"பஞ்சைக் கழுவினீங்களா?"

"கழுவல." கொஞ்சம் தயங்கினார். "ஒரே ஒரு அலசு."

"எதுல?"

"குழாயில. அப்புறம் லேசா சோப்பு."

டீச்சர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று ஏகாம்பரம் நின்றார். அவள் திட்டவில்லை.

"ஏண்ணா கழுவினீங்க?"

"சாவு நடந்த வீடு, டீச்சர்."

அவள் தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பொணத்தை எடுத்ததும் வீட்டுல இருக்குற தண்ணியெல்லாம் கொட்டணும்ல? குடம், அண்டா, டிரம்மு, எல்லாத்தையும் கவுத்தோம். எங்க அக்கா தொட்டியைக் காட்டி, இதுவும் இந்த வீட்டுத் தண்ணிதானடா, இதுக்கு மட்டும் தீட்டு இல்லையான்னு கேட்டாங்க. எனக்கு மறுத்துப் பேச வாய் வரல. மீனை வாளியில விட்டுட்டு நான்தான் கொட்டினேன். அவ வெச்ச செடியெல்லாம் பிடுங்கிப் போட்டேன். பஞ்சை வெந்நீர்ல போட்டுத் தொவைச்சேன்."

"அன்னிக்கோட விட்டிருக்கலாமே."

"விட முடியல. இன்னும் கழியாத மாதிரியே இருக்கு. அவ படுத்திருந்த இடத்துல மருந்து வாசனை போவல. தரையைக் கழுவுறேன், சுவரைக் கழுவுறேன். கடைசியில தொட்டிக்கிட்ட வந்துடுறேன்."

"பஞ்சுல அந்தப் பழுப்பு இருக்கே, அது அழுக்கு இல்லண்ணா. உசுரு. கண்ணுக்குத் தெரியாத உசுரு. மீன் கழிக்கிறதை அதுதான் தின்னுது. அது இல்லன்னா மீன் தன் கழிவுலயும் உங்க பிளீச்சிங் நெடியிலயும் செவுள் வெந்து சாவும்."

"அப்போ மீனுங்களை நான்தான்..."

"ஆமா."

இன்னொருத்தியாக இருந்தால், "தெரியாமத்தானே செஞ்சீங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பாள். இவளுக்கு அது வராது.

ஏகாம்பரம் கடைச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். குணவதி செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. அன்று அவருக்குத் தண்ணீர் கொட்டும் வேலை இருந்தது.

அழுது முடித்துக் கேட்டார்.

"அவ வளர்த்ததெல்லாம் அந்தத் தண்ணியிலயே போயிடுச்சா? திரும்ப வராதா?"

டீச்சர் வாசல் தொட்டியிடம் போனாள்.

"பெரிய மழை வந்த வருஷம் இந்தக் கடை முங்கிடுச்சு. எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவி, புதுத் தண்ணி விட்டு, புது மீன் இறக்கினேன். அப்போ எனக்கு இந்தத் தொழில் புதுசு. எல்லாம் செத்துச்சு. திரும்ப இறக்கினேன். திரும்ப செத்துச்சு. கடையை மூடிடலாம்னு இருந்தேன். அப்போ உங்க வீட்டம்மா வந்தாங்க. கையில சோத்து டப்பா. திறந்தா உள்ள அழுக்குப் பஞ்சு. அவங்க தொட்டியிலேருந்து எடுத்தது. நான் மூக்கைப் பொத்தினேன். அவங்க சிரிச்சுக்கிட்டே இந்தத் தொட்டியில அதைப் பிழிஞ்சாங்க."

அதிலிருந்த மிச்சப் பாதிப் பஞ்சை வெளியே எடுத்தாள்.

"இதுல ஊறிக் கிடக்குறது அதோட வம்சந்தான்."

ஏகாம்பரம் அந்தப் பஞ்சையே பார்த்தார். போன முறை குழாயடியில் ஓடவிட்டது எது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா போட்டோ பக்கத்துல வெச்சு மாலை போட்டிருப்பீங்க."

"நான் கழுவுவேன்னு தெரியுமா?"

"தெரியும். அதான் பாதி குடுத்தேன்."

அந்தப் பாதியையும் பையில் கட்டிக் கொடுத்தாள்.

"முண்டக்கண்ணன் பொழைக்குமா?"

"தெரியாது."

ஷேர் ஆட்டோவில் பை ஒழுகியது. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். பழுப்புத் தண்ணீர் சட்டையில் இறங்கியது. அவர் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

*

தொட்டி முதலில் கலங்கியது. பிறகு தெளிந்தது. கண்ணாடியில் பாசி படர ஆரம்பித்தது. ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். கழுவாமல் இருப்பது அவருக்குக் கழுவுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கறுப்பு மீன் மூலையை விட்டு வெளியே வந்தது. ஒரு சாயங்காலம் அவர் நீட்டிய விரலைத் தேடி மேலே வந்து, இரையை வாயில் வாங்கியது. வாங்கித் துப்பிவிட்டது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

வெந்த செவுள் ஆறவில்லை.

*

வெறுங்கையோடு கடைக்கு வந்தார்.

"முண்டக்கண்ணன் போயிடுச்சு, டீச்சர்."

டீச்சர் வலை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எப்போ?"

"விடியறப்போ. முருங்கை மரத்தடியில புதைச்சேன்."

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"வந்துட்டாங்க. வாளியோட வந்தாங்க."

டீச்சரின் கை நின்றது. அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி?"

"கொட்டல," என்றார் ஏகாம்பரம்.