பிஸ்டன் மேல் சப்பாத்தி மாவு

நாமக்கல்லில் சேலம் ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஹசீனாவிடம் ஒருவர் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு.

சீடர் பெயர் பொன்னுரங்கம். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். அவரிடம் ஒரு ஹெரால்டு கார் இருந்தது. அது அவரைவிட இரண்டு வயது மூத்தது.

ஊரில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒன்றாகச் சேர்ந்து கொல்லிமலை ஏறுவார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு. போன இரண்டு வருடமும் ஹெரால்டு நாற்பத்தொன்றாம் வளைவில் நின்றுவிட்டது. இரண்டு தடவையும் முன்னால் போன மச்சான் தியாகராசன்தான் தன் பழைய ஜீப்பில் கயிறு கட்டி மேலே இழுத்துப் போனார். இழுத்தது பரவாயில்லை. மேலே போனதும் எல்லார் முன்னாலும், "மாப்ளை, அடுத்த வருசம் சாவியெல்லாம் எதுக்கு, கயிறு மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் மனைவி கோகிலவாணி தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க, இன்னொரு தடவை எங்கண்ணன் கயிறு கட்டினா வண்டி கரூர்க்காரருக்குத்தான். ரெண்டு வருசமா விலைக்குக் கேட்டுட்டு இருக்காரு."

பொன்னுரங்கம் சரியென்று தலையாட்டினார். தலையாட்டியதை அவரால் பிறகு திருப்பி வாங்க முடியவில்லை.

ஹசீனா கோவையில் மெக்கானிக்கல் படித்தவர். பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டும் ஒரு குழுவில் சில வருடம் இருந்துவிட்டு, சொந்த ஊரில் பட்டறை போட்டவர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு.

"ரிப்பேர்னா வண்டியை விட்டுட்டுப் போங்க சார். பவர் ஏத்தணும்னா நீங்களே கை வைக்கணும்."

"எனக்கு ஸ்பேனர் புடிக்கக்கூடத் தெரியாதே."

"எனக்கு வட்டிக் கணக்கு தெரியாது. பேங்க்ல யாராவது என்னைத் திருப்பி அனுப்பினீங்களா?"

மறுநாள் பொன்னுரங்கம் பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார்.

முதல் கேள்வியை அவர் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"குருவே, எந்த இன்ஜின் போடலாம்?"

"குருவேன்னு கூப்பிடாதீங்க சார், சிரிப்பு வருது. நீங்க என்ன நினைச்சீங்க?"

பொன்னுரங்கம் பட்டறை மூலையில் கிடந்த ஒரு டீசல் இன்ஜினைக் காட்டினார். ஏதோ டாக்ஸியிலிருந்து கழற்றியது. "அது என்னோடதைவிட ரெண்டு மடங்கு இழுக்கும்னு சொன்னாங்க."

"இழுக்கும்."

ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும். அந்த மூடியைத் தூக்கி நிறுத்தி, பழைய இன்ஜினை வெளியே எடுத்து வைத்துவிட்டு, செயின் பிளாக்கில் டீசல் இன்ஜினைத் தொங்கவிட்டு, மெல்லக் காருக்குள் இறக்கச் சொன்னார் ஹசீனா. பொன்னுரங்கம் சங்கிலியை இழுத்தார். இன்ஜின் உட்கார்ந்தது. காரின் மூஞ்சி தரையைப் பார்த்துக் குனிந்தது.

"ஸ்பிரிங் மாத்திட்டா நிமிர்ந்துடும்" என்றார் பொன்னுரங்கம்.

"நிமிர்ந்துடும்."

"பிரேக் பத்தாதோ?"

"மாத்திக்கலாம்."

"கியர் பாக்ஸ்?"

"அதையும் மாத்தணும்."

"பின் ஆக்சில்..."

"மாத்திக்கலாம் சார். எல்லாம் மாத்தினதுக்கு அப்புறம் ஹெரால்டுன்னு என்ன மிச்சம் இருக்கும்?"

பொன்னுரங்கம் காரைச் சுற்றி வந்து பார்த்தார். "ஹாரன்" என்றார்.

இருவரும் சிரித்துவிட்டார்கள். டீசல் இன்ஜின் மறுபடி மூலைக்குப் போனது.

ஆக, இருக்கிற இன்ஜினையே தேற்றுவது என்று முடிவானது. தொள்ளாயிரத்துச் சொச்சம் சிசி. பொன்னுரங்கம் அதைப் பிரித்து, கழுவி, ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாகப் பழைய துணியில் அடுக்கினார். விரல் இடுக்கில் ஏறிய கரி சோப்புக்கு அசையவில்லை. கோகிலவாணி, "சாப்பாட்டை ஸ்பூன்ல சாப்பிடுங்க, பாக்க முடியல" என்றார்.

எதைச் செய்தாலும் பொன்னுரங்கத்துக்கு ஒரே கேள்வி. இதில் எவ்வளவு வரைக்கும் போகலாம்? கார்புரேட்டர் எவ்வளவு பெரிதாக்கலாம், சிலிண்டரை எவ்வளவு குடையலாம். வெளியூரில் சொல்லி, வால்வுகளை வழக்கத்தைவிட ஆழமாக இறக்கித் திறக்கும் புதுக் கேம் ஷாஃப்ட் ஒன்றும் வாங்கி வந்துவிட்டார். மிச்சம் இருந்தது ஹெட். இன்ஜினுக்கு மூடிபோல மேலே உட்காரும் இரும்பு அது. அதன் அடிப்பக்கத்தைச் சீவி மெலிதாக்கினால் உள்ளே இடம் குறையும், பெட்ரோலும் காற்றும் இன்னும் இறுகும், வெடிக்கும்போது பிஸ்டன்மேல் அடி இன்னும் பலமாக விழும்.

பொன்னுரங்கம் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு லேத்துக் கடைக்குப் போனார். லேத்துக்காரர் கேட்டார்: "எவ்வளவு சீவட்டும்?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

லேத்துக்காரர் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு ஹசீனாவுக்குப் போன் போட்டார். பொன்னுரங்கம் ஹெட்டோடு திரும்பி வந்தார்.

"சீவினதை ஒட்ட முடியாது சார்" என்றார் ஹசீனா. "வேற ஹெட்டுக்கு எங்க போவீங்க?"

"அப்ப எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க."

"எனக்கும் தெரியாது. கேட்டுப் பாக்கலாம்."

"யாரைக் கேக்கறது?"

ஹசீனா பட்டறைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குள் போனார். மத்தியானச் சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு எலுமிச்சை அளவு கிள்ளி வந்தார். அதைத் தட்டி, இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி, பிஸ்டன் தலையில் ஒட்டினார். புதுக் கேம் ஷாஃப்ட்டைப் பூட்டி, ஹெட்டை மேலே வைத்து முடுக்கி, பொன்னுரங்கத்தின் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார்.

"இன்ஜினைக் கையால சுத்துங்க. மெதுவா. ரெண்டு சுத்து."

"எதுக்கு?"

"பிஸ்டன் மேல வரும். வால்வு கீழ இறங்கும். ரெண்டும் ஒரே ரூமுக்குள்ள, கிட்டத்தட்ட ஒரே நேரத்துல. முட்டிக்கிட்டா இன்ஜின் போச்சு. எவ்வளவு கிட்ட வருதுன்னு மாவு சொல்லும்."

பொன்னுரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். பிறகு ஹெட்டைக் கழற்றினார்கள். மாவில் வால்வின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது. பள்ளத்தின் நடுவில் பிளேடால் கீறி, அந்தத் துண்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார் ஹசீனா. ஓர் ஓரத்தில் அது அப்பளம்போல மெலிந்திருந்தது. வெளிச்சம் மஞ்சளாகத் தெரிந்தது.

"இவ்வளவுதான் கேப். ஹெட்டைக் கொஞ்சமாச் சீவலாம். அதுக்கு மேல வேண்டாம்."

பொன்னுரங்கம் மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இவ்வளவு இடம் சும்மாதானே கெடக்கு? இதையும் எடுத்துட்டா இன்னும் பவர் வருமில்ல?"

"வரும்."

"அப்புறம் ஏன் விடறோம்? அந்த இடத்துல என்ன இருக்கு?"

ஹசீனா மாவுத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்குப் பசிக்குது சார். சாப்பிட்டுட்டு வர்றேன்."

பொன்னுரங்கம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அது காய்ந்து ஓரம் வெடித்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஹெட்டைக் கொஞ்சமாகச் சீவினார்கள்.

மலை ஏறும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஹெரால்டைப் பொன்னுரங்கம் ஓட்டினார். பக்கத்தில் ஹசீனா. பின் சீட்டில் கோகிலவாணி, காலடியில் சுருட்டி வைத்த நைலான் கயிற்றோடு.

"அதை எதுக்குமா கொண்டு வர்ற?" என்றார் பொன்னுரங்கம்.

"எங்கண்ணன் கயிறு அழுக்கா இருக்குங்க. நம்மளது புதுசு."

காரவள்ளி தாண்டி ஏற்றம் தொடங்கியது. முன்னால் தியாகராசனின் ஜீப். ஹெரால்டு போன வருடத்து ஹெரால்டு இல்லை. மிதித்தால் உடனே துள்ளியது. பொன்னுரங்கத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஜீப்பின் பின்னால் ஒரு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டே போனார்.

"பாத்தியா கோகிலா, உங்கண்ணனை முட்டித் தள்ளுது."

ஹசீனா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இருபது வளைவு தாண்டியதும் மலை செங்குத்தானது. ஒவ்வொரு வளைவிலும் ஜீப் வேகம் குறைந்து, ஊர்ந்து, திரும்பும். அது ஊரும்போது ஒட்டிக்கொண்டு வந்த ஹெரால்டும் பிரேக் அடிக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து, அந்தச் சரிவில், மறுபடி முதல் கியரில் எழும்ப வேண்டும். முதல் சில தடவை எழும்பியது. அப்புறம் முனகத் தொடங்கியது. முப்பத்தைந்தாம் வளைவில் ஒரு குலுக்கு குலுக்கி, அணையப் போய்ப் பிழைத்தது. சூட்டு முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பின் சீட்டில் கோகிலவாணி குனிந்து கயிற்றின் முனையைத் தேடினார்.

"இத்தனை பண்ணியும் பத்தலையே" என்றார் பொன்னுரங்கம். குரல் இறங்கியிருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன், இன்னும் கொஞ்சம் சீவியிருக்கலாம்னு."

"கேப் விடுங்க சார்" என்றார் ஹசீனா.

"என்னது?"

"ஜீப்புக்கும் உங்களுக்கும் நடுவுல. கேப் விடுங்க."

"கேப் விட்டா எவனாச்சும் நுழைஞ்சுடுவான்."

"நுழையட்டும்."

பொன்னுரங்கம் காலைத் தளர்த்தினார். ஓட்டக் கற்ற நாளிலிருந்து அவர் செய்யாத காரியம் அது. ஜீப் விலகிப் போனது. உடனே பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு, கேஸ் சிலிண்டர் கட்டிய டூவீலர் ஒன்று அந்த இடத்தில் நுழைந்தது.

"சொன்னேனில்ல."

"அவன் போகட்டும். நீங்க இன்னும் விடுங்க."

டூவீலர் ஜீப்பையும் தாண்டிப் போய்விட்டது. ரோடு காலியாக நீண்டது. ஜீப் ஒரு வளைவு தள்ளி, மேலே, மரங்களுக்கு நடுவில் தெரிந்தது. பொன்னுரங்கத்தின் இடது கை, காய்ந்த மாவுத் துண்டு கிடந்த சட்டைப் பையைத் தானாகத் தொட்டுவிட்டு ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

நாற்பத்தொன்று என்று எழுதிய பலகை வந்தது.

அவர் அங்கே போய்ச் சேரும்போது ஜீப் ஊர்ந்து முடித்து, திரும்பிப் போய்விட்டிருந்தது. வளைவில் யாரும் இல்லை. பிரேக்கைத் தொட வேண்டி வரவில்லை. இரண்டாவது கியரில், வந்த வேகத்திலேயே, ஹெரால்டு ஒரே மூச்சில் சுற்றி மேலே ஏறியது. இன்ஜின் முனகவில்லை. பலகை பின்னால் போனது.

"நாப்பத்தொண்ணு போயிடுச்சுங்க" என்றார் கோகிலவாணி. கயிற்றைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

பொன்னுரங்கத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஏதோ உறைத்ததுபோல் முகம் மாறியது. ஹசீனா பக்கம் திரும்பினார்.

"அப்ப... எதையும் மாத்தாம, போன வருசத்து இன்ஜினே இதை ஏறியிருக்குமா?"

ஹசீனா கையை நீட்டி ரோட்டைக் காட்டினார்.

"முன்னால பாருங்க சார். கேப் குறையுது."