மூன்றாவது டிஸ்க்

"டிஸ்க் போட்டுட்டேன்னு சொல்றான் மேடம். பொய்."

தணிகாசலம் வாசலிலேயே நின்று சொன்னார். ஐம்பத்தொரு வயது. கண் மருத்துவமனையின் ஃபைல் அறையிலிருந்து கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டு மூன்று வருடம் ஆகிறது. அங்கே அவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நிலோஃபர். அவளுக்கு முப்பத்திரண்டு.

"யாரு?"

"ஜெபராஜ்தான். வேற யாரு?"

விழித்திரைப் படங்களைச் சேமிக்கும் சர்வரில் இடம் தீரப்போகிறது. பன்னிரண்டு மணிக்குமேல் ஒரு படம்கூட ஏறாது. வெளியே முகாமுக்கு வந்த ஜனங்கள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த சர்வரைத் தொட்டுப் பார்க்க முடியாது. அது ஒரு விர்ச்சுவல் மெஷின். பக்கத்துக் கட்டடத்தில் ஜெபராஜ் பார்த்துக்கொள்ளும் பெரிய இயந்திரத்துக்குள் எங்கோ இருக்கிறது. டிஸ்க் சேர்த்தேன் என்று அவன் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். தணிகாசலத்துக்குப் பிடிக்காததே அதுதான். போன வருடம் ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவருடைய தப்பை எடுத்துச் சொன்னவன் ஜெபராஜ்.

"இன்னிக்கு என்னை டாக்டர்கள் முன்னால நிறுத்தணும்னு திட்டம் மேடம்."

"எங்க தேடினீங்க?"

அவர் கட்டளையைத் தட்டிக் காட்டினார். திரையில் ஒரே டிஸ்க். தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பியது.

நிலோஃபர் ஜன்னல் வழியே பார்த்தாள். வெளியே மரத்தடியில் இன்னும் ஒரு கூட்டம் நின்றது.

"இன்னிக்கு எத்தனை பேஷண்ட் சார்?"

"சீட்டு போட்டது இருநூத்திப் பத்து."

"மரத்தடியில நிக்கிறவங்க?"

"அவங்க இன்னும் சீட்டு போடலையே."

"அதுக்காக அவங்க வரலைன்னு ஆயிடுமா சார்?"

தணிகாசலம் திரையைப் பார்த்தார். மரத்தடியைப் பார்த்தார். பிறகு மெதுவாக வேறொரு கட்டளையைத் தட்டினார். மவுண்ட் செய்து பயன்பாட்டுக்குத் திறந்ததோ திறக்காததோ, மெஷினோடு ஒட்டியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் காட்டும் கட்டளை அது.

இரண்டு டிஸ்க் பெயர்கள் வந்தன. எஸ்டிஏ. எஸ்டிபி. இரண்டாவது சும்மா கிடந்தது.

"வந்திருக்கு!" என்றவர் உடனே முகம் சுளித்தார். "ஐநூறு ஜிபிதான். ஆயிரம்னு சொன்னான். பாதியை அமுக்கிட்டான் பாருங்க."

மணி பதினொன்றேகால். கிடைத்தவரைக்கும் போதும் என்று டிஸ்க்கில் இருப்பதை அழித்துப் புதிதாக்கும் ஃபார்மட் கட்டளையை அடித்தார்.

நிலோஃபரின் உள்ளங்கை என்டர் விசையை மூடியது.

"அது காலி டிஸ்க்குன்னு யார் சொன்னது?"

"ஜெபராஜ்தான், புதுசுன்னு..."

"அவர் பொய் சொல்றவராச்சே."

தணிகாசலத்துக்குக் காது சூடானது. அடித்ததை அழித்தார். எஸ்டிபியில் என்ன இருக்கிறது என்று மெஷினிடம் கேட்டார். காலி இல்லை. எதையும் எழுதாமல் படிக்க மட்டும் திறந்தார்.

வரிசை வரிசையாகப் படங்கள். நாலு வருடத்து நோயாளிகளின் கண்கள்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

இரண்டு மாதமாக டாக்டர்கள் கேட்டுக்கொண்டிருந்த பழைய படங்கள். ரெக்கார்ட் செக்‌ஷன் சரஸ்வதிதான் தொலைத்துவிட்டாள் என்று அவர் நாலு பேரிடம் சொல்லியிருந்தார். அவள் ஒருநாள் சாப்பாட்டு அறையில் அழுததுகூட அவருக்குத் தெரியும்.

"இதை யார் மவுண்ட் பண்ணது சார்?"

"நான்தான். கையால."

"அப்புறம்?"

"நடுவுல ஒரு தடவை மெஷினை ரீஸ்டார்ட் பண்ணேன்." குரல் இறங்கியது. "தானா மவுண்ட் ஆகறதுக்கு ஃபைல்ல ஒரு வரி எழுதணும். எழுதலை."

நிலோஃபர் கையை எடுத்துக்கொண்டாள். அந்த விசையை இனி யாரும் தடுக்கவில்லை. அவர்தான் அதன் பக்கமே போகவில்லை.

"அப்ப ஜெபராஜ் போட்டது எங்க மேடம்?"

"ஓடிட்டிருக்கிற மெஷின்ல கொண்டுவந்து சேர்த்திருக்கார். வந்ததை மெஷின் இன்னும் திரும்பிப் பார்க்கலையோ என்னமோ."

இணைப்புகளை மறுபடி ஒருமுறை தேடச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். பட்டியலைத் திரும்பக் கேட்டார்.

எஸ்டிசி. ஆயிரம் ஜிபி.

இந்த முறை அளவைச் சரிபார்த்தார். உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்தார். ஜெபராஜுக்கு போன் போட்டு, டிஸ்க்கின் அடையாள எண்ணை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகத் திரையோடு ஒத்துப்பார்த்தார்.

"காலையிலயே போட்டுட்டேனே சார்," என்றான் ஜெபராஜ். "தெரியலையா?"

"தெரியுது," என்றார் தணிகாசலம். "நான்தான் பார்க்கலை."

பிறகுதான் ஃபார்மட் செய்தார். மவுண்ட் செய்தார். பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருக்கையில் புது டிஸ்க்கில் முதல் படம் ஏறியது. யாரோ ஒரு மூதாட்டியின் இடது கண்.

எழுந்துபோய் ரெக்கார்ட் செக்‌ஷன் கதவைத் தட்டினார். உள்ளே என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பி வரும்போது சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி ரீஸ்டார்ட் ஆனா?" என்று கேட்டாள் நிலோஃபர்.

அவர் உட்கார்ந்து தட்டினார். "எழுதிட்டேன் மேடம். ரெண்டு டிஸ்க்குக்கும் ரெண்டு வரி."

"நீங்க சொன்னா சரிதான்."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தணிகாசலம் அவள் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டார்.

"நான் சொன்னேன்னு போயிடாதீங்க மேடம். உட்காருங்க. நீங்க படிச்சுப் பாருங்க."