ஒன்பது வட்டம்

“எம் பொண்ணு எழுத மாட்டேங்குறாம்மா” என்றாள் திலகவதி.

பூரணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எத்தனை நாளா?”

“மூணு வாரம் ஆச்சு. பேனாவையே தொட மாட்டேங்குறா.”

சிறுமலை அடிவாரத்தில் நாலு கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கும் இந்தத் துறவிக்குத் திலகவதியைவிட நாலு வயது குறைவு. குரு சிஷ்யையை ‘அக்கா’ என்பார். சிஷ்யை குருவை ‘அம்மா’ என்பாள். பார்ப்பவர்களுக்குத்தான் குழப்பம். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு தொந்தரவும் இல்லை.

“பள்ளிக்கூடமே வேண்டாம், நானே சொல்லிக் குடுக்குறேன்னு ரெண்டு பிள்ளைகளையும் வீட்டுல வச்சுக்கிட்டவ நான். சின்னவ பொன்னிக்கு இன்னும் வயசு இருக்கு. பெரியவ வெண்ணிலாவுக்குப் பத்து முடிஞ்சிருச்சு. கணக்குப் போடுவா, கதை சொல்லுவா, தேன்சிட்டு கூடு கட்டுனா ஒரு மணி நேரம் அசையாமப் பாப்பா. எழுதுறதுன்னா மட்டும் வேப்பங்காயாக் கசக்குது. எழுதுனாலும் வரிக்கு ரெண்டு பிழை.”

“பிழை வந்தா என்ன பண்ணுவீங்க?”

“சிவப்புப் பேனாவால வட்டம் போடுவேன். ஒவ்வொண்ணையும் பத்துத் தடவை எழுதச் சொல்லுவேன். எங்க டீச்சர் எனக்கு அப்படித்தான் பண்ணாங்க.”

“அந்த டீச்சர் மேல ரொம்பப் பிரியமோ?”

திலகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவங்க லீவு போட்டா பிள்ளையாருக்குத் தேங்கா உடைப்போம்.”

பூரணியும் சிரித்தார். கை மட்டும் கீரையை விடவில்லை.

அப்புறம் கல்யாண வீட்டு விஷயம் வந்தது.

நாத்தனார் மகள் கல்யாணம். மண்டப வாசலில் வைக்கிற கரும்பலகையில் மணமக்கள் பெயரை எழுத வெண்ணிலாதான் முந்திக்கொண்டு ஓடினாள். சுற்றிலும் பூவெல்லாம் வரைந்து ஆசை ஆசையாக எழுதினாள். மாப்பிள்ளை பெயரிலேயே பிழை. அவளுடைய சித்தப்பா அத்தனை பேர் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தார். “வீட்டுப் பள்ளிக்கூடத்தோட லட்சணம் இதானா அண்ணி?” என்று வேறு கேட்டார்.

“பாத்திரம் கழுவுற இடத்துக்குப் போய் அழுதேன். நல்லவேளை, யாரும் பாக்கல. மறுநாளே ஆரம்பிச்சுட்டேன். தினம் இருபது சொல் நான் சொல்லணும், அவ எழுதணும். ஒரு வாரம் எழுதுனா. அப்புறம் நிறுத்திட்டா. கெஞ்சிப் பாத்தேன். ஒரு நாள் அடிச்சுக்கூடப் பாத்துட்டேன்.”

திலகவதியும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.

“ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்னு அவங்க அப்பா சொல்றாரு. ஒரு வரி எழுதாத பிள்ளையை அங்க என்ன பாடு படுத்துவாங்க? அவ வாழ்க்கையில நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேனோன்னு பயமா இருக்கும்மா.”

“நோட்டு இருக்கா?”

இருந்தது. டாக்டரிடம் எக்ஸ்ரேயை நீட்டுவது போல நீட்டினாள்.

பூரணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். எழுத்து இருந்த கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இது நீங்க சொல்லி எழுதுனதா?”

திலகவதி எட்டிப் பார்த்தாள். “இல்லம்மா. அவளா ஏதோ எழுதி அடுப்படியில வச்சிருந்தா.”

“என்ன எழுதியிருக்கா?”

“ஒன்பது பிழை.”

“அதைக் கேக்கல அக்கா.”

திலகவதி யோசித்துப் பார்த்தாள்.

வட்டம் போட்டது நினைவிருந்தது. கீழே ‘ஒவ்வொன்றும் பத்து முறை’ என்று எழுதியதும் நினைவிருந்தது. வேறு எதுவும் நினைவில்லை.

பூரணி வாய்விட்டுப் படித்தார். எங்கும் தடுமாறவில்லை.

“அம்மாவுக்கு. கல்யாணத்தில் பாத்திரம் கழுவும் இடத்தில் நீ அழுததை நான் பார்த்தேன். நான் தப்பாக எழுதியதால்தான் நீ அழுதாய். நான் எழுதாமல் இருந்தால் நீ அழ மாட்டாய். அதனால் இனிமேல் எழுத மாட்டேன். இதுதான் கடைசி. வெண்ணிலா.”

திலகவதி முகத்தை மூடிக்கொண்டாள். பூரணி அவளை அழ விட்டார். நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

வெகுநேரம் கழித்துத் திலகவதி கேட்டாள். “இத்தனை பிழைக்கு நடுவுல எப்படிம்மா இதைப் படிச்சீங்க?”

துறவுக்கு வருமுன் பூரணி தபாலாபீஸில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்தவர்.

“பதினோரு வருஷம் எங்கிட்ட விலாசம் அப்படித்தான் வந்துச்சு. எல்லாத்தையும் கொண்டுபோய்ச் சேத்துட்டோம்.” நோட்டை அவள் மடியில் வைத்தார். “இது இப்பத்தான் சேருது.”

திலகவதி சட்டென்று காலில் விழப் போனாள். பூரணி காலை இழுத்துக்கொண்டார்.

“இதை எழுதுனது நானா?”

“நான் இப்ப என்ன செய்யட்டும்மா?”

“லெட்டர் வந்தா என்ன செய்வாங்க?” என்று கேட்டுவிட்டு, பூரணி கீரைத் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பையைத் துழாவினால் சிவப்புப் பேனாதான் இருந்தது. கண்டக்டரிடம் கேட்டாள். அவர் காதில் செருகியிருந்த நீலப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். இப்படி ஒரு பிள்ளை எனக்கா என்று நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிருந்தது. கண்டக்டருக்கு, பூரணிக்கு, காப்பாற்றிக் கொடுத்த கடவுளுக்கு எல்லாம் மனசுக்குள் நன்றி சொன்னாள். அப்புறம் பஸ்ஸோடு குலுங்கிக் குலுங்கி அதே நோட்டில் எழுதினாள்.

‘வெண்ணிலாவுக்கு. நான் அழுதது உன்னால் இல்லை. யாரோ சிரித்ததற்காக அழுதேன். நீ எழுதியதைப் படிக்காமலே வட்டம் போட்டேன். அடிக்கவும் செய்தேன். என்னை மன்னித்துவிடு. அம்மா.’

வீட்டுக்குள் நுழைந்ததும் நோட்டை மகள் கையில் கொடுத்தாள்.

வெண்ணிலா நின்றபடியே படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நோட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திலகவதி குக்கரை ஏற்றினாள். மூன்று விசில் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. வெண்ணிலா தலையை மட்டும் நீட்டினாள்.

“அம்மா, ‘பரவாயில்லை’ எப்படி எழுதணும்?”